ரிமோட் டெஸ்க்டாப்பில் நேரம் தப்பா? முதலில் நிமிடத்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலக விண்டோஸ் சர்வருக்குள் போகிறேன். லேப்டாப்பில் 10:42 என்றால் அங்கே 7:42 காட்டுகிறது. மாற்றப் பார்த்தால் அனுமதி இல்லை என்கிறது. அட்மின் பாஸ்வேர்டு வாங்கி மணியைத் திருத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் போனதே நல்லதாயிற்று.

இரண்டு பக்கமும் 42 ஒத்துப்போகிறதே, கவனித்தீர்களா? நிமிடம் பொருந்தி மணி மட்டும் தள்ளி நின்றால், பெரும்பாலும் டைம் சோன்தான் (இடத்துக்கு இடம் மாறும் நேர மண்டலம்) காரணம். கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. (சில சோன்கள் அரை மணி, முக்கால் மணிக் கணக்கில் இருப்பதால் 30, 45 நிமிட வித்தியாசமும் இதே கதைதான்.) விண்டோஸ் உள்ளுக்குள் வைத்திருப்பது யூடிசி என்னும் உலகப் பொது நேரம். டாஸ்க்பாரில் நாம் பார்ப்பது அதோடு டைம் சோனைக் கூட்டியோ கழித்தோ வருவது. வேறு ஏற்பாடு செய்யாதவரை, உள்ளே நுழைகிற எல்லோருக்கும் சர்வர் தன் சோனையே காட்டும்.

இதை மாற்ற குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை அட்மின் விதிகளாகப் போடும் இடம்) வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் ஆரம்பித்து அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், டிவைஸ் அண்ட் ரிசோர்ஸ் ரீடைரக்‌ஷன் என்று இறங்கினால் ‘அலோ டைம் சோன் ரீடைரக்‌ஷன்’ கிடைக்கும். உங்கள் லேப்டாப்பின் சோனையே சர்வர் உங்களுக்குக் காட்டவைக்கும் அமைப்பு அது. அதை எனேபிள் செய்யச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள். அப்புறம் நீங்கள் சைன் அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். ஜன்னலின் மேலே உள்ள எக்ஸை அழுத்தினால் இணைப்புதான் துண்டிக்கப்படும். பழைய செஷன் (நீங்கள் நுழைந்து திறந்த அமர்வு) சர்வரில் அப்படியே உயிரோடு இருக்கும். ‘பாலிசி போட்டும் மாறவில்லை’ என்று வருபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

மீதிப் பேருக்குக் கோளாறு சொந்த லேப்டாப்பில். ரீடைரக்‌ஷன் உங்கள் கடிகாரத்தை எடுத்துக்கொள்வதில்லை, டைம் சோனை மட்டும்தான் எடுக்கும், யூடிசி சர்வருடையது. ஒருமுறை ஒருவருடைய லேப்டாப்பில் மணி கச்சிதமாக இருந்தது, செஷனில் மட்டும் இரண்டு மணி நேரம் பிசகியது. பார்த்தால், பயணத்தில் சோனை மாற்றாமல் கடிகாரத்தைக் கையால் நகர்த்தி வைத்திருந்தார். தப்பான சோன், தப்பான மணி, இரண்டும் சேர்ந்து பார்வைக்குச் சரியாகிவிட்டன! அவரைச் சமாதானப்படுத்தவே அரை நாள் போனது.

சர்வரில் அதே வேலையை நீங்கள் செய்தால் விளைவு பெரிது. சோனைத் தொடாமல் 7-ஐ 10 ஆக்கினால் சர்வரின் யூடிசி மூன்று மணி நேரம் முன்னே ஓடிவிடும். டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலகக் கணினிக் குழு) சேர்ந்த கணினி என்றால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம் 5 நிமிடம்தான். அதைத் தாண்டினால் யாரும் லாகின் செய்ய முடியாத நிலைகூட வரலாம்.

சரி, நிமிடமே ஒத்துப்போகாவிட்டால்? அப்போது சோனை மறந்துவிட்டு, விண்டோஸ் டைம் சேவை ஓடுகிறதா, எங்கிருந்து நேரம் வாங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூலம் என்ற இடத்தில் ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ (கணினியின் சொந்தக் கடிகாரம்) என்று வந்தால் அது வேறு எவரிடமிருந்தும் நேரம் வாங்கவில்லை என்று அர்த்தம். ஃபயர்வாலில் என்டிபிக்கான (நெட்வொர்க் வழியே நேரம் வாங்கும் முறை) யூடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) என்றால் அதைத் தாங்கும் ஹோஸ்ட்டின் கடிகாரத்தையும் பாருங்கள். ஹோஸ்ட் பிசகினால் அந்தத் தப்பு உள்ளேயும் இறங்கிவிடும். தினமும் அணைத்து வைக்கும் பழைய கணினி என்றால் மதர்போர்டின் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

கடிகாரம் அசையாமல் நின்றிருந்தால் அது நேரக் கோளாறே அல்ல, திரை உறைந்திருக்கிறது. இணைப்பைத் துண்டித்துத் திரும்ப நுழையுங்கள்.

ரீடைரக்‌ஷன் வேலை செய்தாலும் அது உங்கள் செஷனுக்கு மட்டும்தான். சர்வரின் சேவைகளும் டேட்டாபேஸும் பழைய சோனிலேயே இருக்கும். உங்கள் திரையில் 10:42-க்குச் சேமித்த பதிவு நாளை ரிப்போர்ட்டில் 7:42 என்று வந்தால் பதறாதீர்கள். சர்வர் தன் சோனில் குறித்து வைத்திருக்கிறது.