ஜெபம் முடிந்ததும் டப்பா: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபையில் சுமார் 80 குடும்பங்கள். பாஸ்டரம்மா (போதகரின் மனைவி) ஒரு சத்துப் பவுடர் கம்பெனியில் விற்பவராகச் சேர்ந்திருக்கிறார். வீட்டு ஜெபம் முடிந்ததும் பையிலிருந்து டப்பாவை எடுக்கிறார். குடித்தால் சுகர் இறங்கும் என்கிறார். இரண்டு டப்பா வாங்கிவிட்டேன். இப்போது என்னையும் அவருக்குக் கீழே விற்பவராகச் சேரச் சொல்கிறார். மறுத்தால் மனம் நோகுமோ என்று தயக்கம்.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் தயக்கத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி வந்து ஜெபித்தவர், அவர் குடும்பத்திலிருந்து டப்பா நீளும்போது வாய் வராது. ஊழியத்தால் கிடைத்த அந்த மரியாதையை வியாபாரத்துக்குச் செலவழிப்பது தவறு. பொருள் நல்லதாக இருந்தாலும் தவறுதான்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் லேபிளில், இது மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். கம்பெனியே அப்படிப் போட்டிருக்கும்போது, சுகர் இறங்கும் என்று வாயால் சொல்லி விற்க யாருக்கும் உரிமையில்லை. 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து, ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். அதே கணக்கை வீட்டிலிருக்கும் பொட்டுக்கடலைக்கும் முட்டைக்கும் போட்டுப் பாருங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

சேருவது பற்றி: ஒருவர் மூவரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்டர் குடும்பம் 1, அடுத்து 3, பிறகு 9, பிறகு 27. இதுவரை 40 குடும்பங்கள். அந்த 27 பேருக்கும் தலா மூவர் வேண்டுமென்றால் 81 குடும்பம் வேண்டும். சபையில் மிச்சம் இருப்பதே 40. அந்த 40 பேருக்குக் கீழே சேர்க்க ஆளே கிடையாது. கடைசியில் சேருகிறவர்கள் ஏழைகளாகவும் விதவைகளாகவும் இருக்கலாம். வாங்கிய டப்பா அலமாரியிலேயே தேதி முடிந்து கிடக்கும்.

2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள், இப்படி ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் பிரமிடு முறையைத் தடை செய்கின்றன. விற்பவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டி அனுமதி பெற்றுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஜெபத்துக்கென்று வந்துவிட்டு விற்பது அந்த அனுமதியில் சேராது. பில் கேளுங்கள். பிரிக்காத டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள். திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

எப்படிச் சொல்வது? "அம்மா, ஜெபத்துக்கு எப்ப வேணும்னாலும் வாங்க. பவுடர் மட்டும் எங்களுக்கு வேண்டாம்." இவ்வளவு போதும். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரமும் டப்பா வரும்.

கேள்வி: எங்கள் சபையில் தையல், ஊறுகாய், இன்ஷூரன்ஸ் என்று பலரும் பிழைக்கிறார்கள். எல்லாவற்றையும் தடை செய்துவிடலாமா?
- கமிட்டி செயலர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். தையல் தெரிந்த சகோதரியிடம் சபையார் தாங்களாகவே போய்த் தைப்பது நல்ல காரியம். போதகர் குடும்பத்தின் நிலை வேறு. அவர்கள் சொந்த சபையாரிடம் எதையும் விற்கக் கூடாது. பைபிளில் அப்போஸ்தலர் பவுலே கொரிந்து நகரில் ஆக்கில்லா என்பவரோடு கூடாரம் செய்யும் தொழில் செய்தாரே என்பார்கள். சபைக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்றுதான் அவர் உழைத்தார். அதே சமயம், போதகருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளத்தில் பிள்ளைகளின் ஃபீஸ் கட்ட முடிகிறதா என்று கமிட்டி முதலில் பார்க்கட்டும். அதைப் பார்க்காமல் தடை மட்டும் போடுவது நியாயமாகாது.

தீர்மானம் ஒரு பக்கம் போதும். ஆராதனை, அறிவிப்பு நேரம், ஜெபக்கூட்டம், சபை வாட்ஸ்அப் குழு, அங்கத்தினர் பதிவேட்டிலுள்ள போன் எண்கள் ஆகியவற்றை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது. சபைக்கு மைக் செட்டோ பெயின்ட்டோ வாங்கினால் மூன்று கொட்டேஷன். அங்கத்தினர் கடை அதில் இருந்தால் கமிட்டி முடிவெடுக்கும்போது அவர் வெளியே இருக்க வேண்டும், மினிட்ஸில் அது பதிவாக வேண்டும். சீட்டு, டெபாசிட், மனை ஆகிய மூன்றும் சபை வளாகத்தில் வேண்டவே வேண்டாம். சீட்டு நடத்த 1982 சட்டப்படி முன் அனுமதியும் பதிவும் தேவை. நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் 'சபைச் சீட்டு'க்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அது முறிந்தால் கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேருமே கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

இத்தகைய தீர்மானங்கள் ஏன் தோற்கின்றன தெரியுமா? ஊறுகாய்க்காரப் பாட்டியைத் தடுத்துவிட்டு, பாலிசி பிடிக்கும் மூப்பரை விட்டுவிடுவதால்தான்.

கேள்வி: அறுவடைப் பண்டிகை ஏலமும் வியாபாரம்தானே?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சபையார் கொண்டுவரும் பொருள்களை ஏலம் விட்டு வரும் பணம் சபைக்குத்தான். லாபம் தனிமனிதருக்குப் போகாததால் அது காணிக்கை வகை. ஒரு வாழைத்தாரை ஐந்து மடங்கு விலைக்கு எடுப்பவர் தெரிந்தேதான் கொடுக்கிறார். கவலை வேறு இடத்தில். கூட்டத்தில் பெயர் சொல்லி "அண்ணாச்சி, இன்னும் ஏத்துங்க" என்று நெருக்குவதும், பாக்கிப் பட்டியலை அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதும் வேண்டாம். அன்றே ரசீது போடுங்கள். பாக்கி இருந்தால் பொருளாளர், ஏலம் எடுத்தவரின் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்கட்டும், ரசீதுப் புத்தகத்தோடு.