பில் எழுதுகிறவரிடமே கணக்கையும் கொடுக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஓட்டிசம். போன மாதம் என்.டி.ஐ.எஸ். (ஆஸ்திரேலிய அரசின் இயலாமை உதவித் திட்டம்) பிளான் கிடைத்தது. காசை அவர்களே பார்ப்பதா, நாங்களே பார்ப்பதா, பில்களைக் கட்டிக் கணக்குப் பார்க்கும் பிளான் மனேஜர் வைப்பதா என்று கேட்கிறார்கள். கணவருக்கு இரவு வேலை. நான் இங்கிலீஷ் வாசிப்பேன், போனில் கதைக்கத்தான் பயம். பிளான் மனேஜர் வைத்தால் பிள்ளையின் தெரபிக் காசு குறையும் என்று ஒருவர் சொல்கிறார். நாங்களே பார்த்தால் காசு கையில் வரும், அம்மம்மாவுக்கே சம்பளம் கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். கணவருடைய நண்பர் ஒருவர் சப்போர்ட் வேர்க்கர்களை அனுப்பும் கம்பனி நடத்துகிறார். “பிளான் மனேஜர் வேலையும் எங்களிட்டயே இருக்கு, கையெழுத்து மட்டும் வையுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்” என்கிறார். என்ன செய்வது?
(ஒரு தாய், டூங்காபி)

பதில்: தங்கச்சி, அந்த நண்பர் நீட்டும் தாளில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் பிளான் மனேஜரைத்தான் சொல்வேன். அவருக்கான கட்டணம் மாதம் 100 டொலருக்குச் சற்று மேல் வரும். அது பிள்ளையின் தெரபிக் காசிலிருந்து கழியாது. பிளானில் அதற்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்தே தருவார்கள். நீங்கள் வேண்டாம் என்று விட்டால் அந்தத் தொகை தெரபிப் பக்கம் வந்து சேரவும் மாட்டாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஆள் அதே கதையோடு வருகிறார்.

என்.டி.ஐ.எஸ்.சே காசைப் பார்த்துக்கொண்டால் உங்களுக்கு வேலை குறைவு. ஆனால் அவர்களிடம் பதிவு செய்த நிறுவனங்களிடம் மட்டும்தான் போகலாம். எங்கள் பக்கத்தில் தமிழ் கதைக்கும் தெரபிஸ்ட்டோ, சனிக்கிழமை வந்து பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் பெடியனோ பெரும்பாலும் தனியாக ஏ.பி.என். (வியாபார இலக்கம்) வைத்து வேலை செய்கிறவர்கள். என்.டி.ஐ.எஸ். பதிவு இருக்காது. பிளான் மனேஜர் இருந்தால் அவர்களுக்கும் காசு கட்டலாம். விலை மட்டும் என்.டி.ஐ.எஸ். போட்ட உச்ச வரம்பைத் தாண்டக்கூடாது.

நீங்களே பார்த்தால் காசு கையில் வரும் என்பது பாதிக் கதை. வங்கிக்கு வரும்தான், ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் கணக்குக் காட்டித்தான் எடுக்க வேண்டும். சேவை நடந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும், பற்றுச்சீட்டுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும், அவர்கள் கேட்டால் காட்ட வேண்டும். வரம்புக்கு மேல் விலை பேசலாம் என்ற சுதந்திரம் இதில் மட்டும்தான் உண்டு, ஆனால் வரம்புக்கு மேல் கொடுத்தால் பிளான் அவ்வளவு வேகமாக முடியும். அம்மம்மாவுக்குச் சம்பளம் என்ற நினைப்பை விடுங்கள். குடும்பத்தாருக்குக் காசு கொடுக்க மிக விதிவிலக்கான நிலைமைகளில் மட்டும்தான் சம்மதிப்பார்கள்.

சரி, நண்பர் விஷயம். நான் புத்தகக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். எங்கள் தொழிலில் பில் எழுதுகிற கையும் காசு கட்டுகிற கையும் ஒன்றாக இருக்க விடமாட்டோம். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருடைய வேர்க்கர் மூன்று மணி நேரம் வந்தார் என்று பில் போடுவதும் அவர், அது சரி என்று கட்டுவதும் அவர் என்றால் இடையில் பார்ப்பது யார்? நாளைக்கு அந்த வேர்க்கர் சரியில்லை, வேறு இடம் பார்க்கப் போகிறோம் என்று உங்களால் வாய் திறந்து சொல்ல முடியுமா? கோயிலில் பார்ப்பீர்கள், பிறந்தநாளில் பார்ப்பீர்கள். நம்மட ஆட்களிடம் மாட்டிக்கொண்டால் வெளியில் வருவது வெள்ளைக்காரனிடமிருந்து வருவதைவிடக் கஷ்டம். கோபிக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணை, கணக்கை வேற ஆளிட்ட குடுத்திட்டம். ஆள் தேவைப்பட்டா உங்களைத்தான் முதல்ல கேப்பம்.” அதற்கே முகம் கறுத்தால், அந்த முகத்தை இப்போதே பார்த்தது நல்லதுதான்.

அவரிடம் பிளானின் முழுப் பிரதியையும் கொடுத்துவிடாதீர்கள். யாருக்குமே கொடுக்கத் தேவையில்லை. பிள்ளையின் இலக்குகள் எழுதிய பக்கம் போதும். தொகை தெரிந்தால் அந்தத் தொகைக்கு அளவாகவே விலைப்பட்டியல் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிளான் மனேஜரைத் தேடும்போது, என்.டி.ஐ.எஸ். சேவைகளைக் கண்காணிக்கும் கமிஷனில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பிளான் மனேஜருக்குப் பதிவு கட்டாயம். பில் வந்து எத்தனை நாளில் கட்டுவீர்கள், கட்டுவதற்கு முன் எங்களிடம் ஒரு சொல் கேட்பீர்களா என்று விசாரியுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் அடுத்தவரிடம் போங்கள். தெரபிஸ்ட் தேடித் தருவது பிளான் மனேஜர் வேலை இல்லை. அது சப்போர்ட் கோர்டினேற்றர் என்று வேறு ஆள், அவருக்குப் பிளானில் தனியாகக் காசு போட்டிருந்தால்தான் கிடைப்பார். உங்கள் மகன் ஒன்பது வயதுக்குக் கீழ் என்பதால், பிளானை விளங்கிக்கொள்ளவும் ஆள் தேடத் தொடங்கவும் உங்கள் பகுதியின் ஏர்லி சைல்ட்ஹுட் பார்ட்னரை (சிறு பிள்ளைகளுக்காக என்.டி.ஐ.எஸ். அமர்த்திய அமைப்பை) கேட்கலாம்.

ஆள் வைத்தாயிற்று என்று கண்ணை மூடிவிடவும் கூடாது. மாதாமாதம் கணக்கறிக்கை வரும். அதை ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள். என் மகளுக்கு செரிபிரல் பால்சி. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரத்துக்கு, வீட்டுக்கு வந்து குளிக்க வார்த்ததாக ஒரு நிறுவனம் பில் அனுப்பியிருந்தது. பில்லில் ஏ.பி.என்., திகதி, மணிக்கணக்கு எல்லாம் சரியாக இருந்தன, பிளான் மனேஜரும் கட்டிவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? திகதியைப் பார்த்துக் கண்டுபிடித்தது நான். காசு திரும்பி வந்தது.

அதே அறிக்கையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 மே 19க்குப் பிறகு வரும் பிளான்களில் காசை முழுதாக ஒரே முறையில் திறந்துவிடுவதில்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு பங்கு. மிஞ்சினால் அந்தப் பிளானுக்குள் அடுத்த பங்கோடு சேரும். முன்கூட்டியே முடிந்தால் பிளான் மனேஜராலும் கட்ட முடியாது. 2025-26 விலைப்பட்டியலில் ஸ்பீச் தெரபிக்கு ஒரு மணி நேரத்துக்கான உச்ச விலை 193.99 டொலர். வாரம் ஒரு மணி என்று வைத்தால் 13 வாரத்துக்கு 2,521.87 டொலர். அதற்கு மேல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் பயண நேரம், அறிக்கை எழுதும் நேரம் என்று வரும். அறிக்கைக்குத்தான் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள், அது சில மணி நேரங்களை விழுங்கிவிடும். எத்தனை மணி ஆகும் என்று சேவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

சில்லறைப் பொருட்களை மட்டும் நீங்களே பார்க்கிறோம், மிச்சத்தைப் பிளான் மனேஜர் பார்க்கட்டும் என்று பிரித்தும் கேட்கலாம். ஒரு வருடம் போய்ப் பழகியபின் செய்தால் போதும்.

போன் பயத்துக்கு: 131 450க்கு எடுத்து “டமில்” என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வந்தபின் என்.டி.ஐ.எஸ். இலக்கமான 1800 800 110ஐக் கொடுத்தால் இணைப்பார்கள். உங்களுக்குச் செலவில்லை. பிள்ளையின் என்.டி.ஐ.எஸ். இலக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காசு உங்கள் வருமானமும் இல்லை, வரியில் காட்டத் தேவையில்லை, சென்ரர்லிங்க் தரும் அரசு உதவிக் காசும் குறையாது.

கேள்வி: மகனுக்கு 18 முடிந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு உண்டு. இதுவரை எல்லாவற்றுக்கும் நானே கையெழுத்து வைத்தேன். இப்போது “மகனைக் கேட்க வேண்டும்” என்கிறார்கள். அப்பாவுக்கு உரிமை இல்லையா?
(ஒரு தகப்பன், டண்டினோங்)

பதில்: 18 ஆனதும் தானாக வந்த உரிமை தானாகவே போய்விடும் ஐயா. மகன் சார்பில் பிளான் விஷயங்களைப் பார்க்கும் பிளான் நொமினி ஆக நீங்கள் விண்ணப்பிக்கலாம். கடிதங்களை வாங்கவும் விவரம் கேட்கவும் மட்டும் போதுமென்றால் கொரஸ்பொண்டன்ஸ் நொமினி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் நொமினி ஆனாலும் மகனுடைய விருப்பம் என்ன என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் கதைக்கமாட்டார் என்றாலும் எந்த வேர்க்கர் வந்தால் சிரிக்கிறார், யார் வந்தால் அறைக்குள் போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. பிளான் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, நிரந்தர வதிவிடம் உண்டு. பக்கவாதம் வந்து ஒரு கை இயங்கவில்லை. என்.டி.ஐ.எஸ். கிடைக்குமா?
(வாசகர், பென்டில் ஹில்)

பதில்: கிடைக்காது. 65 வயதுக்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும். முதியோர் பராமரிப்புக்கான அரசுச் சேவையான மை ஏஜ்ட் கெயாருக்கு எடுங்கள்: 1800 200 422. முதியோருக்கு வீட்டிலேயே உதவி தரும் பழைய ஹோம் கெயார் பக்கேஜ் முறை போய், 2025 நவம்பர் 1 முதல் சப்போர்ட் அட் ஹோம் நடக்கிறது. யாராவது பழைய பெயரில் படிவம் நீட்டினால் வாங்காதீர்கள்.