நிலநடுக்கம் வந்தால் மலைப்பகுதி நீர்மின் நிலையங்களின் அணை உடைந்துவிடுமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாரோ இமயமலைப் பக்கம் நீர்மின் திட்ட வேலைக்குக் கிளம்புகிறார் என்று தோன்றுகிறது. பயம் நியாயம்தான். ஆனால் பயப்பட வேண்டியது அணைக்கு அல்ல, தலைக்கு மேலே நிற்கும் மலைச்சரிவுக்கு.

2015 ஏப்ரல் 25, நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தபோது நான் அங்கே ஒரு நீர்மின் நிலையத்தில் மெக்கானிக்கல் பிரிவில் இருந்தேன். சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. நண்பகலுக்குச் சற்று முன்பு தரை ஆடத் தொடங்கியது. வெளியே ஓடி வந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் புழுதி, எதிர்க்கரைச் சரிவு அப்படியே உரிந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தடுப்பணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது பென்ஸ்டாக், அதாவது தண்ணீரை மேலிருந்து டர்பைனுக்கு இறக்கும் பெரிய குழாய். மேலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று குழாயைக் கிழித்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பவர் ஹவுஸ் பக்கம் பாய்ந்தது. மின்சாரம் இல்லாததால், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தை அடைக்கும் இன்டேக் கேட்டை மோட்டாரில் இறக்க முடியவில்லை. டீசல் ஜெனரேட்டர் அறை வாசலை மண் மூடியிருந்தது. இரண்டு ஆபரேட்டர்கள் கைப்பிடியைச் சுற்றியே கேட்டை இறக்கினார்கள். ஒவ்வொரு பின்னதிர்வுக்கும் நிறுத்தி, சரிவை அண்ணாந்து பார்த்து, மறுபடி சுற்றினார்கள். மின்சாரத்தை வெளியே அனுப்பும் ஸ்விட்ச்யார்டில் டிரான்ஸ்ஃபார்மர் தண்டவாளத்தை விட்டு நகர்ந்து, மின்கம்பி நுழையும் இடத்துப் பீங்கான் காப்பு (புஷிங்) உடைந்து எண்ணெய் ஒழுகியது. உதிரி பாகம் வரவழைக்கலாம் என்றால் சாலையே இல்லை. மே 12ல் 7.3 அளவில் மறுபடி ஒன்று வந்து, மிச்சம் தொங்கிக்கொண்டிருந்த பாறைகளையும் இறக்கியது.

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நேபாளத்தின் 45 மெகாவாட் திறனுள்ள அப்பர் போட்டேகோசி நிலையத்திலும் பென்ஸ்டாக்தான் அடிவாங்கியது. அது சரியாகி எழுவதற்குள் 2016 ஜூலையில் வெள்ளம் வந்து, ஆற்றிலிருந்து தண்ணீரை எடுக்கும் தலைப்பகுதிக் கட்டுமானங்களைச் சிதைத்தது.

'அணை வேலைக்காரன் அணைக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கீழே யாராவது எழுதக்கூடும். அணைக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. 1967 டிசம்பரில் வந்த நிலநடுக்கத்தில் மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் விரிசல் விழுந்து, பிறகு பலப்படுத்த வேண்டியிருந்தது. தேங்கிய நீரே நிலநடுக்கத்தைத் தூண்டியதற்கு உலகம் காட்டும் உதாரணமும் கொய்னாதான். சீனாவில் 2008 வென்சுவான் நிலநடுக்கத்தில் 156 மீட்டர் உயர சிப்பிங்பு அணையின் உச்சி பல பத்து சென்டிமீட்டர் அமிழ்ந்தது, கான்கிரீட் முகப்பும் சேதமானது. ஆனாலும் அணை நின்றது. அதே நிலநடுக்கத்தில் சரிந்த மலை ஆற்றை அடைத்து உருவாக்கிய தாங்ஜியாஷான் ஏரியை வெட்டி வடிக்கத்தான் ராணுவம் இறங்க வேண்டியிருந்தது. கட்டிய அணையை விட மலை தானாகக் கட்டிய அணைதான் அங்கே பெரிய ஆபத்து.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்குப் பிறகு கயிற்றில் தொங்கி, கடப்பாரையால் தளர்ந்த பாறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டவர்கள் பக்கத்துக் கிராமத்துப் பையன்கள். எந்தப் பாறை எப்போது நகரும் என்று அவர்கள் தட்டிப் பார்த்தே சொல்வார்கள். அந்தச் சரிவில் அவர்கள் ஏறாமல் எங்களில் ஒருவரும் பென்ஸ்டாக் பக்கம் போயிருக்க முடியாது. ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் அவர்கள் 'அன்ஸ்கில்டு'. ஏசி அறையில் வரைபடம் பார்த்தவர்களுக்கெல்லாம் பாராட்டுக் கடிதம் வந்தது. இவர்களில் ஒருவர் பெயரும் அறிக்கையில் இல்லை. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புகிறவரிடம் அணையின் உயரத்தைக் கேட்காதீர்கள். தங்கும் குவார்ட்டர்ஸ் எந்தச் சரிவுக்குக் கீழே இருக்கிறது, வெளியேற இரண்டாவது வழி உண்டா, கேட்டைக் கையால் இறக்கும் பயிற்சி நடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நிலநடுக்கம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தளர்ந்த மண் அடுத்த மழைக்காலத்தில்தான் பெருமளவில் இறங்கும். அந்த மாதங்களில் அவர் லீவு போட்டு ஊருக்கு வந்தால் தடுக்காதீர்கள்.