வாலிபர் குழுவுக்கு டிக்கெட் எடுக்கும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

விடுமுறை நெருங்குகிறது. சபை வாலிபர் குழுவைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகும் பொறுப்பாளர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 32 பேருக்குக் குரூப் டிக்கெட் பதிவு செய்தோம். கடைசியில் 27 பேர்தான் தேறினார்கள். குறைந்தது 30 பேர் இல்லாவிட்டால் சலுகை கிடையாது, முழு விலை கட்டுங்கள் என்கிறது பூங்கா. இது நியாயமா?

பதில்: நியாயம்தான். நீங்கள் அனுப்பிய படிவத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அந்த நிபந்தனை இருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். ஆனால் இன்னும் பணம் கட்டவில்லை என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சலுகை பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், 27 பேருக்கு முழு விலை கட்டுவதைவிட 30 பேருக்குச் சலுகை விலை கட்டுவது மலிவு. மிச்சமாகும் மூன்று டிக்கெட்டுக்கு சபையில் ஆள் கிடைக்காமலா போவார்கள்? அடுத்த முறை, பணம் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிப் பதிவு செய்யுங்கள். எந்தத் தேதி வரை ஆட்களைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: உயரம் போதவில்லை என்று நான்கு பிள்ளைகளைப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற்றவில்லை. ஒரு பையன் குதிகாலைத் தூக்கி நின்றும் விடவில்லை. அந்த நால்வரின் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முடியாது. கேட்கவும் கூடாது. இருக்கையில் மடிமேல் இறங்கும் தடுப்புக் கம்பி குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடித்து வைக்கத்தான் செய்யப்பட்டது. அதைவிடச் சிறிய பிள்ளை அதற்கடியில் நழுவக்கூடும். பெரிய ரைடுகளில் 122 செ.மீ. அல்லது 137 செ.மீ. என்ற அளவைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தப் பையனைத் தடுத்த ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். பெற்றோரிடம் பணம் வாங்கும் அன்றைக்கே பிள்ளையின் உயரத்தையும் எழுதி வாங்கியிருந்தால், அவன் எல்லோர் முன்னாலும் வரிசையிலிருந்து திரும்பி வந்திருக்க மாட்டான்.

கேள்வி: சமூக ஊடகத்தில் ஒருவர் பாதி விலைக்கு டிக்கெட் தருவதாகச் சொன்னார். 18 பேருக்குப் பணம் அனுப்பினேன், கியூஆர் கோடு படங்கள் வந்தன. வாசலில் இரண்டுதான் வேலை செய்தன. மீதி 16-ம் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்தது. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். கைப்பணத்தைப் போட்டு உள்ளே அழைத்துப் போனேன். போதகரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பதில்: முதலில் போதகரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. குற்றம் செய்தது விற்றவன், நீங்கள் ஏமாற்றப்பட்டவர். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு பொருட்காட்சிக்கு உறவுக்காரப் பிள்ளைகளுக்காக அதே மாதிரி வாங்கி வாசலிலேயே நின்றேன். கடைசிப் பிள்ளை என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, “நாம உள்ள போகலையா?” என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம் இருக்கிறது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கியூஆர் கோடு என்பது பெரும்பாலும் ஓர் எண்தான். வாசலில் முதலில் காட்டுபவருக்குக் கதவு திறக்கும், அந்த நொடியே கணினியில் அந்த எண் முடிந்துபோகும். ஆகவே ஒரே ஒரு நல்ல டிக்கெட்டை வாங்கிப் படமெடுத்து இருபது பேரிடம் விற்க முடியும். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது செல்லுமா என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. போலி டிக்கெட் புதிய வியாபாரமும் அல்ல. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்த முதல் நாளே, அழைப்பு பெற்றவர்களோடு போலி டிக்கெட் வைத்திருந்தவர்களும் ஏராளமாக உள்ளே புகுந்தார்கள். அன்று காகிதம், இன்று படம். பூங்காக்கள் மேல்தான் எனக்கு மனத்தாங்கல். ‘அதிகாரபூர்வ விற்பனையாளர்கள் இவர்கள் மட்டும்’ என்ற பட்டியலை முகப்பில் பெரிதாகப் போட என்ன தயக்கம்?

இப்போது செய்ய வேண்டியது: உரையாடல், பணம் போன விவரம், வாசலில் மறுக்கப்பட்ட படங்கள், எதையும் அழிக்காதீர்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நேரடியாகக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் மீட்பது கடினம், ஆனாலும் வங்கியிலும் காவல் துறையிலும் இன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: நீர் விளையாட்டுப் பூங்காவில் எல்லோருடைய போட்டோவும் சேர்ந்த பேக்கேஜை முன்கூட்டியே வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் உறைக்குள் வைத்த போன் குளத்தில் செத்துவிட்டது. போனே ஐபி68, அதாவது தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரம் கொண்டது. வாரண்டி தர மறுக்கிறார்கள்.

பதில்: ஐபி68 சோதனை சுத்தமான நன்னீரில், ஆய்வகத்தில் நடப்பது. குளோரின் நீரும் சறுக்கின் வேகமும் அதில் இல்லை. அந்த முத்திரை இருந்தாலும் நீர்ச் சேதத்தை வாரண்டியிலிருந்து விலக்கிவைக்கும் நிறுவனங்களே அதிகம். மலிவு உறை ஒன்றை நம்பி நானும் ஒரு போனை இழந்தேன். அதன்பின் எந்த உறை வாங்கினாலும் உள்ளே ஒரு டிஷ்யூ தாளை வைத்து, மேலே கல்லை ஏற்றி, அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கி வைக்கிறேன். தாள் நனைந்தால் உறை கடைக்குத் திரும்பும்.

கேள்வி: ‘எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் 30 பிள்ளைகளுக்கும் நானே கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பெற்றோர் போட வேண்டியது அது. ஒரு வாரம் முன்பே படிவத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையும் போய்விட்டது என்றும் பயப்பட வேண்டாம். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தன் கவனக்குறைவால் ஒருவருக்கு மரணமோ காயமோ நேர்ந்தால் பொறுப்பில்லை என்று வியாபாரி எழுதிக்கொண்டாலும் அது செல்லாது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்குத் தலைசுற்றல் உண்டு, எந்த ரைடிலும் ஏற மாட்டேன். பைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறேன். எனக்கும் முழு டிக்கெட்டா?

பதில்: ரைடுக்கு ரைடு கூப்பன் கிழித்த காலம் ஒன்று இருந்தது, டிஸ்னிலேண்டில்கூட அது 1982 வரை நீடித்தது. இப்போது பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் வாசலிலேயே மொத்தக் காசு. ஆனால் இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இலவசம் என்று சில பூங்காக்கள் தருகின்றன. பதிவு செய்யும்போதே கேளுங்கள், வாசலில் கேட்டால் கிடைக்காது. நீங்கள் பை காத்தால் லாக்கர் வாடகையும் மிச்சம். சில இடங்களில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காசு கேட்கிறார்கள். நிழலில் உட்காருங்கள்.