மறு: பின்னக் கூட்டலில் சிலர் முடித்துவிட்டார்கள், சிலர் தொடங்கவே இல்லை

ஒரே வகுப்பில் இப்படி வேறுபட்டு நிற்கும் மாணவர்களுக்காக மூன்று பயிற்சித்தாள் தயாரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒரே வாரத்தில் சோர்ந்துவிடுவீர்கள். முதலில் எல்லாரையும் 1/2 + 1/3 மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் போடச் சொல்லுங்கள். பிழையைப் பார்த்துப் பிரியுங்கள்.

2/5 என்று எழுதியவர்கள் மேலையும் கீழையும் தனித்தனி எண்களாகக் கூட்டுகிறார்கள். விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. 10 செ.மீ. காகிதப் பட்டையில் அரை 5 செ.மீ., 2/5 வெறும் 4 செ.மீ. கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று அவர்களே அளந்து திகைக்கட்டும்.

2/6 என்று எழுதியவர்களுக்குப் பகுதி (கீழ் எண்) சரி, தொகுதியை (மேல் எண்ணை) மாற்றவில்லை. பாதி செய்த கணக்கைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொன்னால் போதும்.

முடித்தவர்களுக்கு இன்னும் பத்துக் கணக்கு தராதீர்கள், அது தண்டனை. கூட்டினால் 5/6 வரும் வேறு இரு பின்னங்களைக் கேளுங்கள். குழுக்களை அடிக்கடி கலையுங்கள். இல்லையேல் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.