கணக்கில் மட்டும் இருந்த அரண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உக்ரைன் போரை முதல் நாளிலிருந்து கவனித்து வருகிறேன். 2022இல் கீவ் நகருக்கு வடக்கே ரஷ்ய ராணுவ வாகனங்கள் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு அசையாமல் நின்றபோது, டயரிலிருந்து டீசல் வரை திருடிவிட்டார்கள், ஊழல்தான் காரணம் என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் நம்பினேன். 2025 நவம்பரில் உக்ரைனின் மின்துறை ஊழல் வெளியே வந்து, அதிபர் அலுவலகத் தலைவரே பதவி விலகினார். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை.

என் நண்பர் சொல்கிறார்: “எல்லாப் போரிலும் திருட்டு உண்டு. போரைத் தீர்மானிப்பது வியூகம், ஆள்பலம், ஆயுதம். ஊழலைக் காரணமாகச் சொல்வது நல்லவர்களின் ஆறுதல்.” ஊழல் செய்கிற பக்கம் தோற்கும் என்றால் இரண்டு பக்கமும் அல்லவா தோற்க வேண்டும்? இன்னொரு சந்தேகமும் உண்டு. நாடு தாக்கப்படும்போது சொந்த ராணுவத்தின் ஊழலைப் பத்திரிகைகள் எழுதலாமா? எதிரிக்குத்தானே அது உதவும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் பாதி சரியாகச் சொல்கிறார். கீவ் தாக்குதல் தோற்றதற்கு ஊழலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அது முதலில் ஒரு மோசமான திட்டம். வடக்கு, கிழக்கு, தெற்கு என்று பல முனைகளில் ஒரே நேரத்தில் நுழைந்து படையைப் பிரித்துவிட்டார்கள். பிப்ரவரி 24 அன்று ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய வீரர்களுக்குப் பின்னால், பெரிய விமானங்களில் துணைப்படை வரவேண்டும். கடும் சண்டையில் அந்த விமானங்கள் இறங்கவே முடியவில்லை. உக்ரைனியர்கள் அணையைத் திறந்துவிட்டு இர்பின் ஆற்றின் கரையெல்லாம் வெள்ளக்காடாக்கினார்கள். வயலில் இறங்கினால் சேறு என்பதால் வாகனங்கள் எல்லாம் சாலையிலேயே முடங்கின. மார்ச் கடைசியில் பின்வாங்க முடிவு செய்து, ஏப்ரல் தொடக்கத்தில் கீவைச் சுற்றியிருந்த பகுதிகளைவிட்டுப் போனார்கள். இதில் டயரின் பங்கு சிறியது.

ஆனால் சில நாட்களில் கீவ் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது யார்? அந்தக் கணக்கு மேலே போகும் வழியில் யார் யார் அதைத் திருத்தினார்கள்? நண்பரிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். ஊழல் பணத்தைத் தின்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். பணம் போனால் மறுபடி ஒதுக்கலாம். ராணுவத்துக்கு அதைவிடப் பெரிய சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. திருடியதை மறைக்க ஒரு பொய் அறிக்கை வேண்டும். ஆள் இல்லாத பட்டாலியனில் ஆள் இருப்பதாக, ஓடாத வண்டி ஓடுவதாக, தோண்டாத பதுங்குகுழி தோண்டியதாக எழுத வேண்டும். அந்த அறிக்கை ஒவ்வொரு மேசையாக ஏறித் தளபதியின் வரைபடத்தில் உண்மையாகப் போய் உட்காருகிறது. அப்புறம் அவர் வகுப்பது இல்லாத படைக்கான வியூகம்.

ரஷ்யாவில் இது போரோடு வந்த நோய் இல்லை. 2011இலேயே அந்நாட்டின் தலைமை ராணுவ வழக்கறிஞர் செர்கேய் ஃபிரிடின்ஸ்கி, பாதுகாப்புக் கொள்முதலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு திருடப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் செர்துகோவ் ஒரு ஊழல் விவகாரத்தில் பதவி இழந்தார். ஷோய்கு வந்தார். பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நெருக்கமாக அணிவகுப்புகளும் திடீர்ப் பயிற்சிகளும் நடந்தன, அறிக்கைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் குர்ஸ்க். அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போர் தொடங்கிய பிறகு, உக்ரைனை ஒட்டிய ரஷ்யாவின் குர்ஸ்க் மாகாண எல்லையில் அரண் கட்டுவதற்கு மத்திய அரசு சுமார் 1,940 கோடி ரூபிள் கொடுத்தது. டாங்கிகளைத் தடுக்கும் கான்கிரீட் முக்கோணங்கள், அகழிகள், பதுங்கிடங்கள் எல்லாம் அதில் அடக்கம். வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். 2024 ஆகஸ்ட் 6 அன்று உக்ரைன் படை அந்த எல்லையைத் தாண்டி சூட்ஜா நகரை நோக்கிப் போனது. ஒரு வாரத்துக்குள் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தங்கள் கையில் இருப்பதாக உக்ரைன் தளபதி சிர்ஸ்கி அறிவித்தார். சிறைப்பட்டவர்களில் பலர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளம் பையன்கள்.

மாஸ்கோ ஏன் அந்த எல்லையில் பயிற்சியில்லாத பையன்களை நிறுத்தியது? நல்ல படைகள் கிழக்கு உக்ரைனில் உள்ள டோனெட்ஸ்கில் தேவைப்பட்டன. எல்லையில் அரண் இருக்கிறது, அது சில நாள் தாங்கும் என்று நம்பினால் ஆளைக் குறைப்பது நியாயமான முடிவுதான். இது என் ஊகம், ஆனால் போர்த்தொழில் தெரிந்த எவரும் அப்படித்தான் கணக்குப் போடுவார். அரண் எதற்காகக் கட்டுகிறோம்? குறைந்த ஆளை வைத்து ஒரு இடத்தைக் காப்பதற்காகத்தானே? அது பாதிக் காகிதத்தில் இருந்தால், எல்லையில் நிற்கிற பையனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்தப் பகுதியைத் திரும்பப் பிடித்துவிட்டதாக ரஷ்யா அறிவிக்க 2025 ஏப்ரல் ஆனது, வடகொரியாவிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அதே ஏப்ரலில் குர்ஸ்க்கின் முன்னாள் ஆளுநர் ஸ்மிர்னவ், அரண் கட்டும் பணத்தைக் கையாடிய வழக்கில் கைதானார். அவருக்கு முந்தைய ஆளுநர் ஸ்டரவாய்ட் போக்குவரத்து அமைச்சராகியிருந்தார். 2025 ஜூலை 7 அன்று பதவி நீக்கப்பட்டு, அன்றே துப்பாக்கிக் காயத்தோடு இறந்து கிடந்தார்.

“அப்படியானால் ரஷ்யர்கள் கட்டிய எல்லா அரணும் காகித அரணா?” என்று உங்கள் நண்பர் கேட்பார். இல்லை. 2023 கோடையில் தெற்கு உக்ரைனின் ஸபோரிஷியா முனையில் உக்ரைன் தொடங்கிய எதிர்த்தாக்குதலை நிறுத்தியதும் ரஷ்ய அரண்தான். கண்ணிவெடி வயல்கள், அடுக்கடுக்கான அகழிகள், அவற்றுக்குப் பின்னால் பீரங்கிகள். மேற்கு நாடுகள் கொடுத்த டாங்கிகளோடு போன படை ரோபோட்டினே கிராமம்வரை வந்து அதற்கு மேல் அதிகம் நகர முடியவில்லை. அதே நாடு, அதே ஆண்டுகள்தான். ஸபோரிஷியாவில் தாக்குதல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், எதிரி எதிரே நிற்கிறான், பொய்யாகக் கட்டினால் மறுநாளே உயிர் போகும். குர்ஸ்க்கில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஒரு பொய்யைச் சோதித்துப் பார்க்க யாரும் வராத இடத்தில்தான் திருட்டு கூடு கட்டுகிறது. எதிரியின் கணக்கு எங்கே பொய் என்று தெரிந்துகொண்டு அங்கே அடிப்பதும் வியூகம்தான். ஆகவே நண்பர் சொல்வதுபோல ஊழலை ஒரு பக்கமும் வியூகத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பேச என்னால் முடியவில்லை.

ஸபோரிஷியா முனையில் ரஷ்யாவின் 58ஆவது படைக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஜெனரல் இவான் பபோவ். எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகள் போதவில்லை, வீரர்கள் பெருமளவில் சாகிறார்கள் என்று மேலிடத்தில் முறையிட்டதால் 2023 ஜூலையில் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று அவரே குரல்பதிவில் சொன்னார். 2024 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். அரண் கட்ட வாங்கிய இரும்பில் மோசடி என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், ஐந்து ஆண்டு தண்டனை கிடைத்தது. உண்மையிலேயே திருடினாரா, வாயைத் திறந்ததற்குத் தண்டனையா? வெளியே நிற்கிற யாருக்கும் விளங்காது. ரஷ்ய ஊழல் வழக்குகளில் என்னை மிகவும் கலங்கடிப்பது இதுதான். அடுத்த தளபதி கருவி போதாதபோது “எல்லாம் இருக்கிறது” என்றுதான் எழுதுவார்.

ரஷ்யப் பாதுகாப்புத் துணை அமைச்சராக இருந்த திமூர் இவானவ் விஷயத்தைப் பாருங்கள். அவர் குடும்பத்தின் ஆடம்பர வாழ்க்கையை எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் ஊழல் எதிர்ப்பு அமைப்பு 2022 டிசம்பரிலேயே ஆதாரத்தோடு வெளியிட்டது. அந்த அமைப்பையே தீவிரவாத அமைப்பு என்று தடை செய்திருந்தார்கள். இவானவ் கைதானது 2024 ஏப்ரலில், ஷோய்கு அமைச்சர் பதவியிலிருந்து போவதற்குச் சில வாரம் முன்பு. பதின்மூன்று ஆண்டு தண்டனை. ராணுவத்தின் தொலைத்தொடர்புத் துறைத் தலைவர் ஷமாரின், தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலையிடமிருந்து 3.6 கோடி ரூபிள் லஞ்சம் வாங்கியதாக ஏழு ஆண்டு பெற்றார். இன்னும் பல ஜெனரல்கள் பிடிபட்டார்கள். எல்லாம் சரி, ஆனால் மேலே இருக்கும் பாதுகாவலர் ஆட்டம் காணும்வரை தெரிந்த திருட்டும் தெரியாத திருட்டாகவே இருந்தது.

உக்ரைனைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு விருப்பமில்லை. 2022 மார்ச் 2 அன்று கெர்சோன் விழுந்தது. முழுப் போரில் ரஷ்யா பிடித்த ஒரே மாகாணத் தலைநகரம் அது. அந்த மாதக் கடைசியில் உளவுத்துறையின் இரண்டு ஜெனரல்களைத் துரோகிகள் என்று சொல்லிப் பட்டம் பறித்தார் செலென்ஸ்கி. ஒருவர் கெர்சோன் மாகாண உளவுத்துறையின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் உளவுத்துறைக்குள்ளேயே தப்பு நடக்காமல் பார்க்க வேண்டிய பிரிவின் தலைவராக இருந்தவர். அவரைப் பிறகு செர்பிய எல்லையில் கட்டுக்கட்டான பணத்தோடும் மரகதக் கற்களோடும் பிடித்தார்கள். 2022இல் ஒரு லட்சம் மோர்ட்டார் குண்டுகளுக்காகச் சுமார் 150 கோடி ஹ்ரிவ்னியாவுக்கு (உக்ரைன் நாணயம்) ஒப்பந்தம் போட்டுப் பணமும் கொடுத்தார்கள். ஒரு குண்டுகூட வரவில்லை என்று 2024 ஜனவரியில் உளவுத்துறையே அறிவித்தது. முன்னணியில் குண்டை எண்ணி எண்ணிச் சுட்டுக்கொண்டிருந்த குளிர்காலம் அது. அந்தப் பற்றாக்குறைக்கு முதல் காரணம் அமெரிக்க உதவி தாமதமானது என்பது உண்மை. ஆனாலும் வராத அந்தக் குண்டுகளை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

இவற்றைவிட ஆழமான காயம் ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் நடந்தது. பணம் கொடுத்தால் ‘தகுதியில்லை’ என்று சான்றிதழ். 2023 ஆகஸ்டில் எல்லா மாகாண ஆள்சேர்ப்புத் தலைவர்களையும் செலென்ஸ்கி ஒரே நாளில் நீக்க வேண்டியதாயிற்று. 2024இல் அரசு வழக்கறிஞர்களே போலி ஊனச் சான்றிதழ் வைத்திருந்தது தெரிந்து, நாட்டின் தலைமை வழக்கறிஞர் கோஸ்டின் பதவி விலகினார். உக்ரைனின் வியூகத்தில் இன்று மிகப் பெரிய ஓட்டை ஆள் பற்றாக்குறை. காசுள்ளவன் தப்பிக்கிறான் என்று தெரிந்த ஊரில் இருபத்தைந்து வயதுப் பையனை எந்த முகத்தோடு அகழிக்கு அனுப்புவது? அகழியில் இருக்கிறவனுக்கு மாற்று ஆளே வராதபோது அவன் என்ன நினைப்பான்?

இரண்டு பக்கமும் தோற்க வேண்டுமே என்று கேட்டீர்கள். யார் ஜெயிப்பார் என்பதை ஊழல் நேரடியாகச் சொல்வதில்லை. உண்மை தெரிய எத்தனை காலம் ஆகும், அந்தத் தாமதத்துக்கு யார் உயிரைக் கொடுப்பது என்பதில்தான் அதன் பங்கு. ரஷ்யா பெரிய நாடு. தாமதமாகக் கற்றுக்கொண்டும் தாங்குகிறது. கீவ் தோல்விக்குப் பிறகு டிரோன்களும், விமானத்திலிருந்து விட்டால் தொலைவு சறுக்கிப் போய்த் தாக்கும் சறுக்குகுண்டுகளும் பெருமளவில் தயாரிக்கிறது, சம்பளத்தை ஏற்றி ஆள் சேர்க்கிறது. உக்ரைனுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அங்கே நடக்கிற சிறிய திருட்டும் பெரிய சாவு என்பது என் கணிப்பு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2023 ஜனவரியில், படைக்கு வாங்கும் முட்டையின் விலை 17 ஹ்ரிவ்னியா, கடையில் அது சுமார் 7 என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். நீங்கள் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்கள். சில நாட்களில் பாதுகாப்புத் துணை அமைச்சர் போனார், செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவும் போனார். முட்டை விலையை வைத்து ரஷ்யா எந்தத் தாக்குதலும் நடத்தவில்லை. படைகளின் இடத்தை எழுதினால் எதிரிக்கு உதவும். கொள்முதல் விலையை எழுதினால் திருடனைத் தவிர யாருக்கு நஷ்டம்?

2025 ஜூலை 22 அன்று ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தை செலென்ஸ்கி கையெழுத்திட்டார். அது பெரும் தவறு. ஏவுகணை விழும் நகரங்களில் மக்கள் கையில் அட்டைகளோடு தெருவுக்கு வந்தார்கள், ஒன்பது நாளில் சட்டத்தை மாற்ற வைத்தார்கள். அந்த அமைப்புகள்தான் நவம்பரில் அணுமின் நிறுவனமான எனர்கோஅட்டோமின் ஒப்பந்தங்களில் 10 முதல் 15 சதவீதம் கமிஷன் எடுத்த கும்பலை வெளியே கொண்டுவந்தன. சுமார் 10 கோடி டாலர். இரண்டு அமைச்சர்கள் போனார்கள், 28ஆம் தேதி அதிபர் அலுவலகத் தலைவர் யெர்மாக் போனார். உங்கள் நம்பிக்கையைக் குலைத்தது இந்தச் செய்திதான் என்கிறீர்கள். எனக்கு அது எதிர்மாறாகப் பட்டது. அதிபரின் மிக நெருங்கிய ஆள் வீட்டில், அதிபர் பதவியில் இருக்கும்போதே, அவருடைய நாட்டு அதிகாரிகளே சோதனை போட்டார்கள். மாஸ்கோவில் அப்படி ஒரு காலையை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் பதவி விலகல்கள் எனக்குப் போதாது. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படும் மிண்டிச், சோதனைக்குச் சில மணிநேரம் முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தகவல் கொடுத்தது யார் என்ற கேள்விக்குக் கீவ் பதில் சொல்லியாக வேண்டும். நீங்களும் உங்கள் நண்பரும் அந்த வழக்கை விடாமல் கவனியுங்கள்.

அன்புடன்.