இத்தாலியின் புளோரன்ஸில் மூன்று நாள்: எதை முன்பே பதிவு செய்வது, எதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது?

ஞாயிறு காலை இறங்கி செவ்வாய் இரவு கிளம்புகிறோம், கூட அம்மாவும் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் கிழமையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் அதைத்தான் கவனிக்கவில்லை. ஒரு திங்கள்கிழமை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய், அகாதெமியா அருங்காட்சியகத்தின் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையைப் பார்க்காமலே ரயில் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

ஓவியங்களுக்குப் பேர்போன உஃபிசி அருங்காட்சியகம், அகாதெமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஞாயிறன்று வழிபாடு நடப்பதால் கதீட்ரலுக்குள் சுற்றிப் பார்க்க முடியாது, சாந்தா குரோச்சே தேவாலயமும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். அதனால் ஞாயிறு உஃபிசி, திங்கள் முழுக்கத் தேவாலயங்கள், செவ்வாய் அகாதெமியா என்று வையுங்கள். அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் அரசு அருங்காட்சியகங்கள் இலவசம், ஆனால் வரிசையில் அம்மாவுக்குக் கால் கடுத்துப்போகும், எனவே உஃபிசியையும் செவ்வாய்க்கே தள்ளிவிடுங்கள்.

உஃபிசி, அகாதெமியா இரண்டுக்கும், கதீட்ரல் குவிமாடம் ஏறுவதற்கும் நேரம் குறித்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். மூன்றில் குவிமாடத்துக்கான பதிவை முதலில் முடியுங்கள், அதற்கு நேரப் பதிவு இல்லாமல் விடவே மாட்டார்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது, கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி குவிமாடத்தை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூடுகளாகக் கட்டினார், அவற்றுக்கு நடுவே குறுகலான வழியில் ஏற வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். கதீட்ரலுக்குள் போகக் கட்டணமில்லை, நீங்கள் ஏறி இறங்கும் வரை அம்மா கீழே இருக்கட்டும்.

பதிவே தேவையில்லாத ஒரு இடம் சொல்கிறேன், எனக்கு அந்த ஊரிலேயே பிடித்தது அதுதான்: சாந்தா திரினிதா தேவாலயம். மதியம் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். வலது பக்கம் சாசெட்டி சிற்றாலயம், உள்ளே 1480களில் ஓவியர் கிர்லாந்தாயோ தீட்டிய சுவரோவியங்கள். ஒரே இருட்டாக இருக்கும், பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இரண்டாவது பயணத்தில் என் அம்மா, "இன்னொரு காசு போடுடா, அந்தக் குழந்தையைச் சரியாப் பார்க்கலை" என்றார். ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த சிறுவன் உயிர்த்தெழுந்து உட்கார்ந்திருக்கும் காட்சி அது. பின்னணியில் இருப்பது இதே தேவாலயத்தின் முன்னாலுள்ள சதுக்கம். வெளியே வந்து பார்த்தால் ஓவியத்தில் இருந்த அந்தக் கல் மாளிகை எதிரே நிற்கிறது. அம்மா அதைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே நடந்தார். சில்லறை யூரோ நாணயங்களை மறக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உடை. தேவாலயங்களில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். அம்மா சேலை என்றால் பிரச்சினையே இல்லை, நீங்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள்.